சக்கரத்தம்மாவின் மீதிக் கதை

“டீச்சர், இந்தச் சக்கரத்த ஒண்ணா சேத்துடட்டுமா, இல்ல இப்படியே ஒடைஞ்ச மாதிரி வுட்டுடட்டுமா?”

கேட்டவர் புதுச்சேரியிலிருந்து வந்திருந்த கண்ணாடிக்காரர். கோயில் தரையில் விரித்த கோரைப்பாயின் ஓரத்தில் குந்தியிருந்தார். பாயின் மேல் புனித கத்தரீன் துண்டு துண்டாகக் கிடந்தாள். நீல முக்காடு ஒரு பக்கம், பாதி முகம் ஒரு பக்கம், குருத்தோலை பிடித்த கை ஒரு பக்கம். போன மழைக்காலத்துக் காற்றில் கோயிலை ஒட்டிய வாகை மரத்தின் கிளை முறிந்து, அவள் இருந்த கண்ணாடிச் சன்னலில் விழுந்திருந்தது.

பங்குத்தந்தை என்னைப் பார்த்தார். பங்குப் பேரவையின் தாமஸ் சாரும் பார்த்தார். சற்றுத் தள்ளி, உடைந்த சில்லுகளை முறத்தில் வாரிக்கொண்டிருந்த பாக்கியமும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

முதல் இருவர் பார்த்தது எனக்குப் பழகிப்போனது. சன்னல் படங்களில் எது யார் என்று சொல்ல எங்கள் கோயிலில் என்னை விட்டால் ஆள் இல்லை. பாக்கியம் பார்த்ததுதான் புதிது. பன்னிரண்டு வருஷமோ பதின்மூன்று வருஷமோ, அவள் அந்தச் சன்னலை நிமிர்ந்தே பார்த்ததில்லை. அதற்குக் காரணம் நான்.

இந்த வாரத் தொடரை ஆரம்பித்தபோது, நெய்வேலி நகரியத்தைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதுவேன், இதை மட்டும் எழுத மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். ஷிப்ட் சங்கைப் பற்றி எழுதிய அத்தியாயத்துக்கு நிறையப் பேர் கடிதம் போட்டிருந்தார்கள். “உங்கள் நினைவில் எல்லோரும் நல்லவர்களாகவே வருகிறார்களே” என்று ஒரு வாசகர் குத்தலாகக் கேட்டிருந்தார். அவருக்கு இந்த வாரம் பதில் சொல்கிறேன். எல்லோரும் நல்லவர்கள் இல்லை, எழுதுகிறவள் உட்பட.

கையைப் பார்

நான் கணக்கு டீச்சர். நகரியத்துப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் சிவப்பு மையோடு வாழ்ந்தவள். ஞாயிற்றுக்கிழமையில் மறைக்கல்வி வகுப்பும் நான்தான் எடுப்பேன். யாராவது தப்பாக ஒன்றைச் சொன்னால் என் வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் வழி தப்பாகச் சொன்னால்கூடத் திரும்பித் திருத்துவேன். என் வீட்டுக்காரர் இதை ஒரு வியாதி என்பார்.

சன்னல் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் விடுதியில் எங்களுக்கு வார்டனாக இருந்த ஒரு சிஸ்டர். “முகத்தப் பாக்காதே, எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க. கையப் பாரு” என்பார். உண்மைதான். கண்ணாடிப் படங்களில் எல்லாப் புனிதருக்கும் ஒரே நீள மூக்கு, ஒரே சாந்தம், தலைக்குப் பின்னால் ஒரே வட்டம். கையில் சாவி இருந்தால் இராயப்பர். குழந்தையும் லீலி மலரும் இருந்தால் அந்தோணியார். தட்டில் இரண்டு கண் இருந்தால் லூசியா. இரும்பு அடுப்புக்கம்பி இருந்தால் லாரன்ஸ். உடம்பெல்லாம் அம்பு தைத்திருந்தால் செபஸ்தியார்.

கொஞ்சம் யோசித்தால் கொடூரம்தான். லாரன்ஸை அந்தக் கம்பியில் போட்டுத்தான் வாட்டினார்கள். செபஸ்தியாரை அம்பால் அடித்தார்கள். விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளில் பாதிப் பேர் தங்களை வதைத்த பொருளைத் தாங்களே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நாம் அடையாளம் கண்டுகொள்வதற்காக. விடுதியில் இது எனக்கு வெறும் மனப்பாடமாகத்தான் இருந்தது. மாதிரித் தேர்வு வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்குவேன்.

இராயப்பரும் குவார்ட்டர்ஸ் சாவியும்

எங்கள் பிளாக்குக் கோயிலில் ஆறு கண்ணாடிச் சன்னல்கள். அவை எங்களுக்காகச் செய்தவை அல்ல. புதுச்சேரிப் பக்கம் மூடிப்போன கன்னியர் மடம் ஒன்றின் சிற்றாலயத்திலிருந்து லாரியில் வைக்கோல் சுற்றி வந்தவை. அதனால் யாரும் தேர்ந்தெடுக்காமலே அந்த ஆறு பேர் நிலக்கரி ஊருக்குக் குடிவந்து சேர்ந்தார்கள். நாங்களும் அப்படித்தான் வந்தோம். திருநெல்வேலியிலிருந்து கொஞ்சம் பேர், கோயம்புத்தூரிலிருந்து கொஞ்சம் பேர், எந்த பிளாக் கிடைக்கிறதோ அந்த பிளாக்.

அந்த ஆறு பேருக்கும் ஊர் தன் போக்கில் அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டது. இராயப்பர் கையில் இருந்தது மோட்சத்தின் திறவுகோல் என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். குவார்ட்டர்ஸுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் அவரிடம்தான் போய் நின்றார்கள். லூசியாவிடம் வேலைக்கான மெடிக்கலில் கண் பரிசோதனைக்குப் போகிறவர்கள் நின்றார்கள். இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே விட்டிருக்கலாம். சிரித்தேன், ஆனால் திருத்திவிட்டுத்தான் சிரித்தேன்.

கத்தரீன்தான் உள்ளபடியே பெரிய சங்கதி. நீல முக்காடும் கிரீடமும், ஒரு கையில் குருத்தோலை, இன்னொரு கை ஆளுயரச் சிவப்புச் சக்கரத்தின் மேல். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வளைந்த இரும்புப் பற்கள்.

சுரங்கத்தில் மண்ணை வெட்டும் ராட்சத இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அதன் முகமே ஒரு சக்கரம்தான். பல மாடி உயரம். விளிம்பைச் சுற்றிலும் பல் வைத்த பெரிய வாளிகள். சுற்றச் சுற்ற மண்ணைக் கடித்துக் கடித்து பெல்ட்டில் துப்பும். பக்கெட் வீல் என்பார்கள். அல்லும் பகலும் ஓடும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் அதன் உறுமல் சமையலறை வரைக்கும் கேட்கும்.

எகிப்து நாட்டு ராஜகுமாரத்தி ஒருத்தி நெய்வேலியில் பக்கெட் வீலின் மேல் கைவைத்து நின்றால் பெண்கள் என்ன நினைப்பார்கள்? அவளுக்குச் சக்கரத்தம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தக்கூடியவள். ஷிப்டுக்குப் போன புருஷனை முழு உடம்போடு திருப்பி அனுப்புகிறவள். மைன்ஸுக்குப் போகும் வீடுகளிலிருந்து பெண்கள் வந்து அவள் காலடியில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமையில் இந்துப் பெண்களும் வந்தார்கள். மற்ற ஐவருக்கும் சேர்த்து எரிந்ததைவிட அவள் ஒருத்திக்கு அதிகம் எரிந்தது.

சக்கரத்தின் நடுவில் ஒரு பிளவு இருந்தது. இரண்டு பாதியாகத் தெறித்து, இடையில் மங்கலான மஞ்சள் கண்ணாடி. லாரியில் வந்தபோது விரிசல் விட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். தாமஸ் சார் இயந்திரப் பராமரிப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். “ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்தாலும் பிரேக்டவுனையா பாத்துக்கினு ஒக்காரணும்?” என்று அலுத்துக்கொள்வார்.

அது விரிசல் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை அவரிடமும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் திருத்துகிறவள் அதை மட்டும் ஏன் விட்டேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

பாக்கியத்தின் முழுப் பெயர் பாக்கியமேரி. நகரியத்தை ஒட்டிய வடக்குத்து கிராமத்துக்காரி. அவள் பிறந்த ஊர்க் கோயிலில் இருந்தது ஒரே ஒரு அந்தோணியார் சிலை, அதனால் மற்றப் புனிதர்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. புருஷன் சவரிமுத்து சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். மண் கொண்டுபோகும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் சிந்திக் கிடப்பதை மண்வாரியால் அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுகிற வேலை. பல வருஷமாகப் பெர்மனென்ட் ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் அலுவலகத்தில் பெர்மனென்ட். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. நான் எந்தப் புனிதருக்கும் மெழுகுவத்தி ஏற்றியதில்லை, ஏற்ற வேண்டிய தேவையும் வரவில்லை. இதை அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி அறையில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பிள்ளைகளைக் கோயிலுக்குள்ளேயே உட்காரவைத்து வகுப்பு நடத்தினேன். சன்னல் சன்னலாகக் காட்டி, கையில் என்ன, ஆள் யார் என்று கேட்பேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பாக்கியம் வந்தாள். சவரிக்கு முதல் ஷிப்ட். அவரை அனுப்பிவிட்டு, சமையலை முடித்து, வடக்குத்திலிருந்து நடந்து வந்திருப்பாள். கால் பெருவிரலில் செம்மண். மெழுகுவத்தியை ஏற்றி வைத்தாள். எட்டி, சன்னலின் கீழ்ப்பக்கம் சக்கரத்தின் விளிம்பைத் தொட்டாள். தொட்ட விரலைத் தாலியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிள்ளைகள் எல்லோரும் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

“இது யாருன்னு எனக்குத் தெரியும் டீச்சர்” என்றது ஒரு பிள்ளை. “மைன்ஸ் மெஷினோட அம்மா.”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுர்ரென்று வந்தது. வாராவாரம் நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொடுப்பது, ஒரு மெழுகுவத்தியில் அழிந்துபோகிறதே என்ற எரிச்சல்.

“மைன்ஸ் மெஷினும் கிடையாது, ஒண்ணும் கிடையாது” என்றேன். “யாராவது அப்படிச் சொன்னா நம்பாதீங்க. அவங்க பேரு கத்தரீன். ராஜா ஒருத்தன் அவங்களக் கொல்றதுக்குன்னே செஞ்ச சக்கரம் அது. சுத்திலும் பல்லு இருக்குல்ல? அதெல்லாம் உடம்பக் கிழிக்கிறதுக்கு.”

பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். கண் பாக்கியத்தின் மேல் இருந்தது.

அவள் திரும்பினாள். “கொல்றதுக்கா டீச்சர்?”

“ஆமா.”

“அப்ப இது காப்பாத்துற சக்கரம் இல்லீங்களா?”

“இல்ல பாக்கியம். சக்கரம் எப்படிக் காப்பாத்தும்?”

அந்த நேரம் பார்த்து இரண்டாம் பூசைக்கு மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்து ஓடின. “மீதிய அடுத்த வாரம் சொல்றேன்” என்று அவர்கள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். தொடர் எழுதுகிறவள் சொல்லக்கூடிய வாக்கியம்தான் அது, அன்றைக்கே எனக்கு வந்திருக்கிறது.

பாக்கியம் மெழுகுவத்தியை ஊதி அணைக்கவில்லை. இரண்டு விரலால் திரியை நசுக்கினாள். சூடு ஆறாத அந்தத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள்.

அடுத்த வாரம் தியானக் கூட்டம் வந்தது. அதற்கடுத்த வாரம் காலாண்டு விடைத்தாள் கட்டு. கணக்கில் பாதி வழிமுறை சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் போடுவது என் வழக்கம். அந்தக் கட்டு முழுக்க அப்படிப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். மீதிக் கதை மறந்தே போய்விட்டது. பாக்கியம் மெழுகுவத்தி ஏற்ற வருவதில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

“சரியாத்தான் சொன்னீங்க”

ஒன்றரை மாதம் இருக்கும். விட்டு விட்டு மழை பெய்துகொண்டிருந்த நாட்கள். ஈர மண்ணோடு நிலக்கரி வாடையும் கலந்து வகுப்பறைக்குள் வரும். முற்பகலில், மூன்றாவது பீரியட் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தேன். “பெல்ட்டுல யாரோ கான்ட்ராக்ட் ஆளு மாட்டிக்கினாராம். வடக்குத்துக்காரராம்” என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வடக்குத்தில் எத்தனையோ கான்ட்ராக்ட் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு முகம்தான் வந்தது.

பெல்ட்டுக்கு அடியில் சேறு வாரிக்கொண்டிருந்திருக்கிறார். பெல்ட்டைத் திருப்பிவிடும் உருளை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. உருளை என்றாலும் சக்கரம்தான். எப்படி நடந்தது, யாரால் நடந்தது என்று பிறகு விசாரித்தார்கள். அதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. நான் சொல்ல வந்தது வேறு.

மறுநாள் அடக்கத்துக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. வாசலில் சாமியானா, மழை ஒழுகிக்கொண்டிருந்தது. சுவரில் ஆணியில் சவரியின் மஞ்சள் ஹெல்மெட். முந்தின நாள் சேறு அதில் காயாமல் இருந்தது. பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள்.

பெண்கள் கூட்டத்தின் நடுவில் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நான் குனிந்து அவள் கையைப் பிடித்ததும் நிமிர்ந்தாள்.

“நீங்க சரியாத்தான் சொன்னீங்க டீச்சர்” என்றாள். “கொல்றதுக்கு செஞ்சதுதான். எனக்குத்தான் தெரியாம போச்சி.”

குரலில் கோபம் இல்லை. குத்தல் இல்லை. பரீட்சையில் தப்பாக எழுதிய பிள்ளை, திருத்திய விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்வதுபோல ஒப்புக்கொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். மண்ணை வாரி இறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை வாய் திறந்தால் தவளையைத்தான் பாம்பு பிடிக்கும். என் வாயால் நான் கெடவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

சொல்ல முடியாமல் போன பாதி

அன்று மணி அடித்ததால் நான் சொல்லாமல் விட்ட மீதி இதுதான்.

ராஜா சக்கரத்தைச் செய்து கொண்டுவரச் சொன்னான். கத்தரீனை அதன் முன்னால் நிறுத்தினார்கள். அவள் கை பட்டதும் சக்கரம் உடைந்து தெறித்தது. அவள் மேல் ஒரு கீறல் இல்லை. சன்னலில் இரண்டு பாதியாகப் பிளந்திருப்பது அதனால்தான். நடுவில் இருந்த மஞ்சள் கண்ணாடி, வானத்திலிருந்து வந்து விழுந்த ஒளி.

ஆக, பெண்கள் நினைத்தது தப்பே இல்லை. இயந்திரம் எது என்பதில் மட்டும்தான் தப்பு. சக்கரத்தின் கையிலிருந்து பிழைத்தவள் ஒருத்தியிடம் போய், என் புருஷனையும் சக்கரத்திடமிருந்து காப்பாற்று என்று கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறார்கள். நான் அதைப் பாதியில் வெட்டி, கொல்லும் பாதியை மட்டும் பாக்கியத்தின் கையில் கொடுத்து அனுப்பினேன்.

மீதியைச் சாவுக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். மெழுகுவத்தி தொடர்ந்து எரிந்திருக்கும். சாவுக்குப் பின்னால் எப்படிச் சொல்வது? அவளுக்கு உடைந்தது, உன் புருஷனுக்கு உடையவில்லை என்று சொல்வதா? பாதிக் கிணறு தாண்டியவள் கதைதான் என் கதை. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அப்போதிருந்த சாமியார் பொறுமையாகக் கேட்டார். “மெழுகுவத்தி எரியலன்னு பெல்ட் ஆளப் பிடிக்காதும்மா. இது பாவமே இல்ல” என்றார். கணக்கு டீச்சருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. அவள் பயந்து நின்ற அந்த ஒன்றரை மாதத்தை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். தினம் அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு, வேண்டிக்கொள்ள ஒரு இடமும் இல்லாமல் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்திருப்பாள். அதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

பிறகு அவளுக்குக் கோயிலைக் கூட்டும் வேலை கிடைத்தது. தினம் பார்த்துக்கொள்வோம். “டீ குடிச்சீங்களா டீச்சர்?” என்பாள். “மழ வர்ற மாதிரி இருக்குது, கொடை எடுத்தாந்தீங்களா?” என்பாள். கிறிஸ்துமஸுக்குப் புடவை கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

கோயில் முழுக்க மூலைமுடுக்கு விடாமல் கூட்டுவாள். கத்தரீன் சன்னலுக்குக் கீழே மட்டும் துடைப்பம் போகாது. காலை வெயில் அந்தச் சன்னல் வழியாக விழும்போது, சக்கரத்தின் சிவப்பு தரையில் இரண்டு துண்டாகக் கிடக்கும். அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவாள். அங்கே வாகை இலையும் செத்த ஈசலும் அப்படியே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் பின்கட்டுக்குப் போன பிறகு நான் துடைப்பத்தை எடுத்து அந்த இடத்தைக் கூட்டிவிடுவேன். நாலே இழுப்புதான். ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷமாக நான் செய்த தவம் அது ஒன்றுதான்.

பாயின் மேல் சக்கரம்

பாய்க்குத் திரும்பி வருகிறேன்.

கண்ணாடிக்காரர் சக்கரத்தின் இரண்டு பாதியையும் அருகருகே வைத்திருந்தார். “பழைய ரிப்பேர் போல இருக்குது. நடுவுல ஏதோ மஞ்சக் கண்ணாடிய வெச்சி ஒப்பேத்தியிருக்காங்க. நான் ஈயப்பட்ட போட்டு முழுசா ஆக்கிடுவேன்” என்றார்.

“அதத்தானப்பா நானும் சொல்றேன்” என்றார் தாமஸ் சார். “ரிப்பேருன்னு எறங்கினா முழுசா பண்ணணும். ஒடைஞ்ச வீல மாட்டிவுட்டா பாக்கறவன் சிரிப்பான்.”

“டீச்சர் சொல்லட்டும்” என்றார் ஃபாதர்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சக்கரம் முழுதாகிவிடும். பிளவு இருந்ததே எல்லோருக்கும் மறந்துபோகும். நான் சொல்லாமல் விட்ட பாதியும் அதோடு புதைந்துவிடும். நிம்மதி. ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒரு நிமிஷம், அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பாக்கியம் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறம் அவள் இடுப்பில் இருந்தது.

“பாக்கியம்” என்றேன். ஃபாதருக்குச் சொல்ல வேண்டிய பதிலை அவளிடம் சொன்னேன். “அன்னிக்கு நான் உனக்குப் பாதிதான் சொன்னேன்.”

“என்னைக்கு டீச்சர்?” என்றாள். என்றைக்கு என்று அவளுக்குத் தெரியும்.

சொன்னேன். ராஜா செய்த சக்கரம், அவள் கை பட்டதும் உடைந்தது, மஞ்சள் ஒளி, எல்லாம். கணக்கு சொல்லிக்கொடுக்கும் குரல் வரவில்லை. “அப்ப அது பிரேக்டவுன் இல்லியா?” என்று தாமஸ் சார் ஆரம்பித்தார். ஃபாதர் அவர் கையைத் தொட்டார். அதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

பாக்கியம் பாயருகே வந்து நின்றாள். இத்தனை வருஷம் கழித்து அந்தச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள்.

“அப்பறம் அந்தம்மா பொழைச்சிக்கினாங்களா டீச்சர்?”

அதை நான் எதிர்பார்க்கவில்லை.

“இல்ல” என்றேன். “அப்பறம் கத்தியால வெட்டிட்டாங்க.”

“ம்.”

வெளியே காற்று எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. சுரங்கத்தின் உறுமல் கேட்டது. எப்போதும் கேட்பதுதான், யாரும் காதில் வாங்குவதில்லை. அன்று எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

“முழுசாவே போடச் சொல்லுங்க டீச்சர்” என்றாள் பாக்கியம். “அவங்களுக்கு ஒடைஞ்சிச்சி. சரி. இங்க அது ஓடிக்கினுதான இருக்குது.”

முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். சில்லுகளைக் குப்பையில் கொட்டும் சத்தம் கேட்டது.

ஃபாதர் தயங்கினார். “அப்படி மாத்தலாமா டீச்சர்? தப்பாயிடாதா?”

“முழுச் சக்கரத்தோட வரையறதும் உண்டு ஃபாதர்” என்றேன். “ரெண்டு வழக்கமும் இருக்கு.”

அது பொய் இல்லை. அப்படியும் வரைகிறார்கள். ஆனால் நான் முழுசாகப் போடச் சொன்னது அதற்காக இல்லை, பாக்கியம் கேட்டதற்காக. அதை ஃபாதரிடம் சொல்லவில்லை. அன்றும் பாதிதான் சொன்னேன்.

கண்ணாடிக்காரர் மஞ்சள் துண்டுகளை ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். என் மேசை டிராயரில் இருக்கின்றன.

சன்னலை மறுபடி ஏற்றி ஐந்தாறு மாதம் ஆகிறது. விவரம் தெரிந்த விருந்தாளி ஒருவர் வந்தபோது, “கத்தரீன் சக்கரத்துல பிளவு இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமே” என்றார். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். செவ்வாய்க்கிழமைப் பெண்கள் இப்போதும் வருகிறார்கள். சக்கரத்தம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் யாரையும் திருத்துவதில்லை.

சன்னல் ஏறிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் காலியாகும்வரை காத்திருந்தேன். காலை வெயில் சன்னல் வழியாக உள்ளே விழுந்திருந்தது. தரையில் சிவப்புச் சக்கரம் ஒரே வட்டமாக, முழுதாகக் கிடந்தது. அதன் மேல் நாலு வாகை இலை. பாக்கியம் பின்கட்டில் இருப்பாள் என்று நினைத்து, வழக்கம்போலத் துடைப்பத்தை எடுத்தேன்.

பின்னாலிருந்து அவள் கை வந்து துடைப்பத்தைப் பிடித்தது.

“குடுங்க டீச்சர். இத்தினி வருசமா நீங்கதான் கூட்டினீங்க, தெரியும்” என்றாள். “இனிமே நானே கூட்டிக்கிறேன்.”

வட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். சிவப்பு அவள் பாதத்தில் ஏறியது, புடவையில் ஏறியது, துடைப்பம் பிடித்த கையிலும் ஏறியது. அவள் நிமிரவில்லை. இலைகளைத் தள்ளிக்கொண்டே வாசல் வரைக்கும் போனாள்.

என்னை மன்னித்துவிட்டாளா, இல்லை எனக்கிருந்த அந்த ஒரு வேலையையும் பிடுங்கிக்கொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் இப்போது நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.